பத்து லிட்டர் தண்ணீரும் ஒரு காய்ந்த ஏரியும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். இப்போது மாடிப்படி ஏற முடிகிறதா? அதை முதலில் எழுது. பேத்தி உன் மூக்குக்கண்ணாடியை உடைத்த கதையை இவருக்கு வாசித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

என் சேதி இதுதான். யூட்டா மாநிலத்தின் தெற்கே, டோரி என்ற சிற்றூரிலிருந்து பிளாண்டிங் வரை சைக்கிளில் போய்வந்தேன். ராத்திரியில் கூடாரம்தான். அலுவலகத் தோழிகள் இருவர் கூட வந்தார்கள். இவர் வரவில்லை, தரையில் படுத்தால் முதுகு பேசும் என்று சொல்லிவிட்டார். சமையல்காரர் இல்லாத வீட்டில் ஒரு வாரம் என்ன சாப்பிட்டார் என்பதை நான் விசாரிக்கவில்லை.

முதல் இரவு கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவில், ஃப்ரூட்டா முகாமில். சுற்றிலும் செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர், நடுவில் பழத்தோட்டம். 1880களில் வந்து குடியேறிய மார்மன் என்ற மதப் பிரிவுக் குடும்பங்கள் ஃப்ரீமாண்ட் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் போட்ட தோட்டங்கள். குடும்பங்கள் எப்போதோ போய்விட்டன. பூங்கா நிர்வாகம்தான் இன்றும் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்துக்கொள்கிறது. நாங்கள் போனபோது ஆப்பிள் பூத்திருந்தது. அங்கேயே இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அடுத்து ஹேங்ஸ்வில். அங்கே பெட்ரோல் பங்க்கின் கடையைப் பாறையை வெடிவைத்துக் குடைந்து கட்டியிருக்கிறார்கள். அதைவிட்டால் 95-ஆம் நெடுஞ்சாலையில் பிளாண்டிங் வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. அதனால் அங்கே தூரத்தை யாரும் கிலோமீட்டரில் யோசிப்பதில்லை, தண்ணீரில்தான் யோசிக்கிறார்கள். ஆளுக்குப் பத்து லிட்டர் ஏற்றினோம். பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. மேட்டில் அது ஒவ்வொரு மிதியிலும் தெரியும். என்ன சமைப்பது என்பதையும் தண்ணீர்தான் முடிவு செய்தது. கூட வந்தவர்கள் பாஸ்தாவை எடுத்தார்கள். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவதற்கா இவ்வளவு தூரம் சுமப்பது? நான் அவலும் புளிக்காய்ச்சலும் வைத்திருந்தேன். ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும், பாத்திரமும் ஒட்டாது. இரண்டாம் நாள் அவர்களும் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

வசந்தம் என்றதும் தென்றலை நினைத்துக்கொள்ளாதே. அந்த ஊர் வசந்தத்துக்குக் காற்றே எதிரி. மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும். நாங்கள் தெற்கு நோக்கிப் போகிறோம், கேட்கவா வேண்டும். விடிவதற்குள் கிளம்பி, உச்சிப்பொழுதுக்கு முன்பே பாறை நிழலில் ஒதுங்கினோம். அப்புறம் டயருக்கு எதிரி நெருஞ்சி. ஆமாம், நம் நெருஞ்சியேதான். எப்படியோ கடல்கடந்து வந்து அமெரிக்கப் பாலையெங்கும் பரவிவிட்டது. டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் ஒரு திரவத்தை ஊற்றிவிட்டுத்தான் இந்தப் பக்கமெல்லாம் சைக்கிளை எடுக்கிறார்கள்.

நார்த் வாஷ் என்ற பள்ளத்தாக்கு வழியாகச் சாலை இறங்கி இறங்கி ஹைட் என்ற இடத்தில் கொலராடோ ஆற்றைக் கடக்கிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தது இந்த இடத்தைப் பற்றித்தான். 1963-இல் ஆற்றின் கீழ்ப்பக்கம் க்ளென் கேன்யன் அணையின் மதகை மூடித் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்கள். அப்படித் தேங்கிய பவல் ஏரி நிரம்ப 17 ஆண்டு ஆனது. பழைய ஹைட் ஊர் அதில் மூழ்கிவிட்டது. மேலே புதிய படகுத்துறை கட்டினார்கள். 2000-க்குப் பிறகு வந்த வறட்சியில் தண்ணீர் படகுத்துறையைவிட்டுப் போய்விட்டது. இப்போது அகலமான கான்கிரீட் சரிவு இறங்கி இறங்கி, வெறும் மண்ணில் முடிகிறது. ஏரி விட்டுப்போன வண்டல் வீட்டுச்சுவர் உயரத்துக்கு நிற்க, அதை அறுத்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஆறு ஓடுகிறது.

தோழிகளில் ஒருத்தி பாவம் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு தன் வழியைத் திரும்ப எடுத்துக்கொள்வதைப் பார்க்க உள்ளூர ஒரு சந்தோஷம். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் லாஸ் வேகஸில் குடியிருப்பவள். எங்கள் குழாயில் வருவதில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஆற்றுத் தண்ணீர். ஏறத்தாழ 4 கோடி பேர் இதை நம்பி இருக்கிறார்கள். இரண்டும் மனதில் அடித்துக்கொண்டே இருக்கின்றன, இன்னும் தீரவில்லை.

ஹைட்டிலிருந்து நேச்சுரல் பிரிட்ஜஸ் என்ற இடம் வரை ஒரே ஏற்றம், எழுதி உன்னை அலுக்கவைக்க மாட்டேன். அங்கே பார்வையாளர் மையத்துக் குழாயைக் கண்டதும் மூவரும் சண்டைபோட்டுக் குடித்தோம். ஓடை குடைந்து உண்டாக்கிய கல் பாலங்கள் மூன்று. அதில் ஓவாசோமோ 55 மீட்டர் நீளம், உச்சியில் மூன்று மீட்டர்கூடக் கனமில்லை. அடியில் நடந்து போகும்போது, 1992-இல் பக்கத்துப் பாலமான கச்சீனாவிலிருந்து 4,000 டன் பாறை விழுந்தது ஞாபகம் வந்து நடையை எட்டிப் போட்டேன். ராத்திரி குளிரில் தண்ணீர் பாட்டில் விளிம்பில் பனி கட்டியது.

அடுத்த வருஷம் நீ வருவதாக இருந்தால் ஏப்ரலில் வா, ஜூனில் வெயில் தாங்காது. முழங்காலை வைத்துக்கொண்டு சைக்கிள் வேண்டாம். இவர் கார் ஓட்டுவார், அவரையும் அப்படியாவது கிளப்பலாம். டாக்டரிடம் கேட்டு எழுது. வரும்போது உங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சல் கொண்டுவா, என்னுடையதில் பெருங்காயம் தூக்கலாகிவிட்டது.

உன்,
மீனா