பேத்தியின் படிப்புச் செலவு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மலர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் போட்டது போதும், ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டு. இங்கே மழை விட்டுவிட்டது, வாவித் தண்ணீர்தான் இன்னும் கலங்கிக் கிடக்கிறது.

மகளும் மருமகனும் அரிசோனாவை விட்டு அக்கரைப்பற்றுக்கே வருகிறார்கள் என்றதும் சந்தோஷம். பேத்தியை இங்கேயும் வீட்டில் வைத்துப் படிப்பித்தால் அங்கே போல அரசாங்கக் காசு கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். கிடைக்காதடி.

அங்கேயும் அது சும்மா வந்த காசில்லை. அரிசோனாவில் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அரசு காசு போடும் கல்விக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2022 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட அந்தக் கணக்கில் காசு வாங்கும் குடும்பம், சட்டப்படி வீட்டுக்கல்விக் குடும்பமே அல்ல. வீட்டுக்கல்விப் பதிவை விட்டுவிட்டு அரசோடு ஒப்பந்தம் எழுத வேண்டும், செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். புளோரிடாவில் 2023 இல் வந்த உதவித்தொகைக்கும் வேறு பதிவுதான். அதனால்தான் வீட்டில் படிப்பிக்கிறவர்களிலேயே சிலர் அந்தக் காசு வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது. அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அந்தச் சிக்கல் இல்லை. மாநிலச் சட்டப்படி வீட்டில் படித்து முடித்த பிள்ளையும், வசதி குறைந்த மாணவருக்கு அமெரிக்க மத்திய அரசு கொடுக்கும் பெல் மானியத்துக்குக் கேட்கலாம். 2024-25 இல் வருடத்துக்கு ஆகக்கூடியது 7,395 டொலர்.

இங்கே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பாடசாலையூடாகத்தான். பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டதே, அந்தக் கதையை விடு. ஓ.எல். (சாதாரண தரம்), ஏ.எல். (உயர்தரம்) இரண்டு பரீட்சைகளையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். ஏ.எல்.லில் கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி நன்றாக வந்தால் விண்ணப்பிக்கலாம், மறுகா கம்பஸ் பிள்ளைகளுக்கான மகாபொல உதவித்தொகைக்கும் கேட்கலாம். லலித் அத்துலத்முதலி 1981 இல் தொடங்கியது. மாதம் 5,000 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள், மகாபொல கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் பேசரி உதவித்தொகையை 6,500 ஆக்கினார்கள். ஆனால் மகாபொலவில் குடும்ப வருமானமும் பார்ப்பார்கள். டொலரில் உழைத்த மருமகனுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் உதைக்கும்!

இதற்கெல்லாம் முதல் கடுதாசி வேலை இருக்கிறது. பிள்ளை அங்கே பிறந்தவள். இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார். இவள் 15 வயதானதும் ஜி.எஸ். (கிராம சேவகர்) மூலமாகப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். பரீட்சை மண்டபத்தில் அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள். இன்னொன்று, 5 முதல் 16 வயதுவரை இங்கே கட்டாயக் கல்வி. பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று யாராவது விசாரித்து வந்தால் மகள் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் ஓ.எல். வரைக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாம். புத்தகம், சீருடை எல்லாம் இலவசம். விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் வீட்டுக் குசினியில் ஆய்வுகூடம் வைக்க முடியுமா? மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும், உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. கடைசியில் ஏ.எல். சரிவராவிட்டாலும் பதினெட்டு வயதுக்குப் பிறகு திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, மட்டக்களப்பிலேயே அதன் நிலையம் உண்டு.

குடியுரிமைச் சான்றிதழ் எடுத்துவிட்டார்களா என்று மகளிடம் கேட்டு எழுது. இல்லாவிட்டால் புறப்படுவதற்கு முன்னமே தூதரகத்தில் விண்ணப்பிக்கச் சொல்.

அன்புடன்,
உன் சாந்தி