"டென்ஷன் ஆகாதீர்கள்" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களுக்கு

குழந்தைப்பேறு சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களே, வணக்கம்.

ஐந்து ஆண்டுகளாக உங்களில் மூவரின் அறைகளுக்கு வெளியே காத்திருந்தவன் நான். கோப்பைச் சுமப்பதும் பில் கட்டுவதும் என் வேலை. கூப்பிடப்படும் பெயர் எப்போதும் என் மனைவியுடையது. மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி இருக்கும். அவள் அதில் உட்காருவாள், நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். மூன்று இடங்களிலும் மருந்துச் சீட்டு எழுதி முடிந்ததும் ஏறத்தாழ ஒரே வாக்கியம் வந்தது. "மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, டென்ஷன் ஆகாதீர்கள், எல்லாம் தானாக நடக்கும்." மூன்று முறையும் அவளைப் பார்த்தே சொன்னீர்கள்.

அந்த வாக்கியம் முழுப் பொய்யாக இருந்திருந்தால் வாசலிலேயே உதறிவிட்டுப் போயிருப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது வீடுவரை வந்து, இரவுகளில் எங்கள் நடுவே படுத்துக்கொண்டது. மாதவிலக்கு வந்த ஒவ்வொரு மாதமும் அவள் தன்னையே விசாரித்தாள். போன வாரம் அலுவலகத்தில் கோபப்பட்டேனே, அதனாலா? நேற்று அழுதேனே, அதனாலா? அழுகையை அடக்குவது அவளுக்கு இன்னொரு மருந்தாகிப்போனது.

நீங்கள் சொல்லாமல் விட்டதை நானே தேடிப் படித்தேன். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டுத் துடிப்புகளாக அனுப்புகிறது. அந்தத் துடிப்பின் தாளத்துக்கு ஏற்பத்தான் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுரக்கிறது. சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளிவருவது இவற்றால்தான். ஆணின் விரைகளில் டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் உண்டாவதும் இதே இரண்டால்தான். ஆபத்து மணியை அடிப்பதும் அதே ஹைப்போதலாமஸ். அழுத்தம் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசால் உள்ளிட்ட அழுத்த ஹார்மோன்கள் அந்தத் துடிப்பைத் தளர்த்துகின்றன. முட்டை வெளியாவது தள்ளிப்போகிறது, சில சமயம் நின்றே போகிறது. மூளையிலிருந்து வரும் ஹார்மோன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ரோஜர் கீய்மனும் ஆன்ட்ரூ ஷாலியும் நோபல் பரிசு பெற்றது 1977இல். அவ்வளவு பழைய செய்தி. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம்.

சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியை நாங்களே கேட்டிருப்போம். இந்த வழியாகத்தான் பாதிப்பு என்றால், அதன் அடையாளம் இவளிடம் எங்கே? கடும் மன அழுத்தம், போதாத உணவு, அளவு மீறிய உடற்பயிற்சி ஆகியவை சேரும்போது மாதவிலக்கே நின்றுபோகும் நிலை ஒன்று உண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. காரணங்கள் விலகினால் பெரும்பாலும் சுழற்சி திரும்பிவிடுகிறது. என் மனைவிக்கோ 28, 29 நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் வந்துகொண்டிருந்தது. முட்டை வளரும் நீர்ப்பை பெரிதாகி வெடிப்பதை உங்கள் ஸ்கேனிலேயே காட்டினீர்கள். காட்டிய கையோடு டென்ஷன் ஆகாதே என்றீர்கள்.

மன அழுத்தம் கருக்குழாயை அடைக்காது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸையோ, விந்து வரும் பாதையில் அடைப்பையோ உண்டாக்காது. ஆகவே சோதனைகள் முடிவதற்கு முன்பே அதைச் சொல்வது நோயறிதல் ஆகாது. சோதனையைத் தள்ளிப்போட ஒரு நாகரிகமான வழி, அவ்வளவுதான். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரையும் பரிசோதிக்க வேண்டும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறே மாதத்தில் தொடங்க வேண்டும் என்பது உங்கள் துறையின் விதி. நாங்கள் முதலில் வந்தபோது அவளுக்கு 34. என் விந்துப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தபோது 36. இரண்டு வருடம் நாங்கள் மனதை லேசாக்கிக்கொண்டிருந்தோம்.

முடிவு வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் விந்தணுக்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் வரம்பு 1 கோடியே 60 லட்சம். வரம்புக்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்பதல்ல, ஆனால் இரண்டு வருடம் கவனிக்காமல் விடக்கூடிய எண்ணும் அல்ல. கருத்தரிப்பதில் சிக்கல் உள்ள தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நீங்கள் கதவோரம் நிறுத்தி வைத்திருந்தீர்கள். உங்களை மட்டும் சொல்வானேன், நம் மொழியே அப்படித்தான். 'மலடி' என்ற வசவு எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது. 'மலடன்' என்று யாரையாவது திட்டி நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்?

அப்போது நான் நான்கு வருடமாக இரவுப் பணியில் இருந்தேன். பகலில் நான்கு மணி நேரம் தூங்கினால் அதிகம். விழித்திருக்க சிகரெட், தூங்க மது. வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. ஒருவரும் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நீடித்த அழுத்தம் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கக்கூடும். அழுத்தம் மிகுந்த ஆண்களிடம் விந்தணுவின் எண்ணிக்கையும் நீந்தும் திறனும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனாலும் என் எண் குறைந்ததற்கு மன அழுத்தம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். புகையா, தூக்கமின்மையா, பிறவியிலேயே அப்படியா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. சோதனை செய்யாமல் அவள் தலையில் கட்டிய அதே பழியை என் தலையில் கட்டிக்கொண்டால் கணக்கு நேராகிவிடாது.

ஒன்றை மட்டும் முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. இன்று கொடுக்கும் மாதிரியில் தெரிவது மூன்று மாதத்துக்கு முந்தைய நான். இடையில் வந்த கடும் காய்ச்சல்கூட அதில் பதிந்திருக்கும். இன்று சிகரெட்டை விட்டால் பலன் அடுத்த வாரம் தெரியாது, அடுத்த பருவத்தில் தெரியலாம். இது தெரிந்த மனிதன் பொறுமையாக இருப்பான். தெரியாதவன் மாதாமாதம் தோற்பான்.

இனி நாங்கள் வெட்கப்பட்டுச் சொல்லாத ஒன்று. ஸ்கேனில் முட்டை வளரும் நீர்ப்பை 18 மில்லிமீட்டர் வந்ததும் "இன்றும் நாளையும் தவறவிடாதீர்கள்" என்பீர்கள். ஆணின் உறுப்பு உத்தரவுக்குக் கட்டுப்படாதது. பதற்றத்தில் ரத்த நாளங்கள் சுருங்கும், விறைப்பு வராது. அந்த இரவில் தோற்றவன் மறுநாள் காலையில் மனைவியின் முகத்தைப் பார்க்கமாட்டான். அந்த மாதத்து முட்டை வீணாகும். மன அழுத்தம் கருத்தரிப்பைக் கெடுக்கும் வழிகளில் மிக எளிதானது இதுதான், இதற்கு எந்த ஹார்மோனும் பிசக வேண்டியதில்லை. மாதிரி எடுக்கத் தரப்படும் அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாழ்ப்பாள் சரியாக விழாத கழிப்பறை, வெளியே வரிசை, "சார், இன்னும் ஆகவில்லையா?" என்று ஒரு குரல். நீங்கள் யாராவது ஒரு முறை அந்த அறைக்குள் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வதும் உங்கள் வாக்கியம் அளவுக்கு எளிதாக இல்லை. 2011இல் 14 ஆய்வுகளையும் 3,583 பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோது, முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சைக்கு முன் மனச்சோர்வும் பதற்றமும் இருந்த பெண்களுக்குக் கரு தங்கும் வாய்ப்பு குறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் 501 தம்பதிகளைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. உமிழ்நீரில் ஆல்ஃபா அமிலேஸ் என்ற அழுத்தக் குறியீடு மிக அதிகமாக இருந்த பெண்களுக்கு, இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு மாதத்துக்கு 29 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் கார்ட்டிசாலுக்கு அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஹைப்போதலாமஸின் வேலையை ஊசி மருந்து எடுத்துக்கொள்கிறது. படுக்கையறையின் வேலையை ஆய்வகம் எடுத்துக்கொள்கிறது. அழுத்தம் புகுந்து கெடுக்கும் கதவுகள் இரண்டும் அங்கே மூடிக்கிடக்கின்றன. இதை அறிந்திருந்தால், எங்கள் ஐ.வி.எஃப். முயற்சியில் கருவை உள்ளே வைத்த பிறகு வந்த இரண்டு வாரங்களும் அவள் அழுவதற்குப் பயந்திருக்க மாட்டாள்.

"ஒரு தம்பதி தத்தெடுத்தார்கள், கவலை விட்டது, அடுத்த வருடமே சொந்தக் குழந்தை" என்ற கதையையும் உங்களில் ஒருவர் சொன்னார். தத்தெடுத்த பிறகும் கருத்தரிக்காதவர்களின் கதையை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, அதனால்தான் அது இவ்வளவு பலமாகக் கேட்கிறது.

ஆகவே கேட்கிறேன். முதல் நாளே இருவரையும் சோதியுங்கள், விந்துப் பரிசோதனை இந்தத் துறையிலேயே மிக எளிதான சோதனை. அழுத்தம் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தால் எந்த வழியில் என்று சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எடை குறைந்ததா, நாள் தள்ளிப்போகிறதா, குறித்துத் தரும் நாட்களில் உறவு கொள்ள முடிகிறதா என்று இருவரிடமும் கேளுங்கள். மனநல ஆலோசகர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போனால் குழந்தை பிறக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது பழைய வாக்கியத்துக்கே புதுச் சட்டை. நாங்கள் துன்பப்படுகிறோம், அதற்காகவே அவர் வேண்டும். குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோயாளிகளின் அளவுக்கு இருப்பதை 1993லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். செலவைத் தாங்க முடிந்தவர்கள்கூடச் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு இந்தப் பாரம் ஒரு பெரிய காரணம்.

இரவுப் பணியை விட்டு ஒன்பது மாதமாகிறது. அவளுக்கு இப்போது 39. அடுத்த வாரம் உங்களைப் போன்ற இன்னொருவரைப் பார்க்கப் போகிறோம். இந்த முறை இருவர் பெயரிலும் முன்பதிவு செய்யக் கேட்டேன். கணினியில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது என்றார்கள். பரவாயில்லை, மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோப்பைச் சுமந்து நின்றவன்