தடைக்காலத்தில் ஒரு ஜீப் கட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை விட்டால் பிள்ளைகள் கைபேசியைக் கீழே வைப்பதே இல்லை என்று வாசகி ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். என் வீட்டிலும் முன்பு அதே கதைதான். இரண்டு வருடமாக அப்படி இல்லை. அது எப்படி என்று சொல்லிவிட்டுத் தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

நான் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஜீப் ஓட்டியவன். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணலில் போவோம். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததும் அந்த ஓட்டம் நின்றுபோனது. வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள், மனசு கேட்காமல் டேப் பிடித்து முழுசாக அளந்தேன். மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டைப் பேரன் பரணில் கண்டெடுத்து, "தாத்தா, இதை அட்டையில் செய்வோமா?" என்றான். மாதிரிக் கார் கட்டுவது அன்றைக்குத் தொடங்கியது.

இதைச் சொன்னதும் எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். எங்கள் முதல் வண்டிக்கு வாங்கியது ஒரு கட்டர் பிளேடும் ஒரு டப்பா ஃபெவிகாலும் மட்டுமே. கல்யாணப் பத்திரிகை அட்டை கெட்டியாக, வழவழப்பாக இருக்கும்; அதுவே போதும். அளவு 1:24 என்று வைத்துக்கொண்டோம். கார் மாதிரிகள் உலகமெங்கும் அதிகமாக வருகிற அளவுகளில் அது ஒன்று. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு: நிஜ வண்டியில் 1 அடி என்றால் மாதிரியில் அரை அங்குலம். வள்ளம் கட்டுகிற ஆசாரிமார் அடிக்கணக்கு பேசுகிற ஊரில் இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம். எங்கள் ஜீப்பின் நீளம் 11 அடிக்குக் கொஞ்சம் குறைவு. மாதிரி ஐந்தரை அங்குலத்துக்குள் அடங்கிவிட்டது. 28 அங்குல டயருக்குத் தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய அச்சாகப் பொருந்தியது. அச்சுக்கு ஊதுபத்திக் குச்சி, அது சுழல்வதற்கு மை தீர்ந்த ரீபில் குழாய். நுங்கு வண்டி உருட்டி வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஆரம்பிக்கிறவர்கள் ஜீப்பில் ஆரம்பிப்பதே நல்லது. பெரும்பாலும் தட்டைத் தகடு. அம்பாசிடரில் கை வைத்தால் பானெட் வளைவிலேயே வெறுத்துப்போகும். அட்டையை ஒரே இழுப்பில் வெட்டக் கூடாது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து நாலைந்து முறை லேசாகக் கீறினால் ஓரம் பிசிறாது. வெட்டிய ஓரத்தில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி, காய்ந்த பிறகு 400 நம்பர் உப்புத்தாள் போட்டால் அட்டை என்றே தெரியாது.

அப்புறம் மருமகன் சிங்கப்பூரிலிருந்து பாகங்களைச் சேர்த்து மாதிரிக் கார் கட்டுகிற டமியா கிட் ஒன்று வாங்கி வந்தார். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து நிறுவனம் அது. பிளாஸ்டிக் பாகங்கள் சட்டத்தோடு ஒட்டியே வரும். பாகத்துக்கு மிக அருகில் வெட்டினால் அந்த இடம் வெளுத்துவிடும். முதலில் தள்ளி வெட்டி, மிச்சத்தை நகவெட்டியால் எடுத்து, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கண்ணாடியைச் சூப்பர் குளூவில் ஒட்டிவிட்டேன். அதன் ஆவி படிந்து, காலைப் பனி இறங்கியது போல முன்கண்ணாடி முழுக்க மங்கிவிட்டது. பேரன் அழுதே விட்டான். கண்ணாடிக்கு ஃபெவிகால்தான் சரி.

நம் கரையில் பெயின்ட் அடிப்பதுதான் பெரிய பாடு. வாடைக் காற்று மாதத்தில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் சிவப்பு பெயின்டின் மேல் சாம்பல் பூத்தது போலாகிவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. அதனால் மழை மாதத்தில் ஸ்ப்ரேயைத் தொடுவதில்லை. மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்றிலோ மணல் வந்து ஒட்டும். அதற்கு வீட்டுக்குள் அடித்து, பக்கெட்டைக் கவிழ்த்து மூடிவிடுகிறோம். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புப் பிசுக்கு போகத் துடைக்காமல் பெயின்ட் எடுக்கவே கூடாது.

இப்போது என் வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பிள்ளைகளுக்கு விடுமுறை, அப்பாவும் வீட்டில். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார எங்கள் பக்கத்து வீடுகளுக்கு இதைவிட நல்ல சமயம் வருடத்தில் கிடைப்பதில்லை. அதற்கு முன் தங்கள் மாணவர் பக்கத்தில் தனுஷ்கோடி ஜீப்பின் வெட்டி ஒட்டும் படத்தை 1:24 அளவில் வெளியிட வேண்டும். ஐந்தரை அங்குல வண்டிக்கு அரைப் பக்கமே தாராளம். மகள் எழுதிய நோட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்; எனக்கு எதுவும் தர வேண்டாம். அச்சில் படம் சுருங்கினாலும் விரிந்தாலும் மூடிச் சக்கரம் பொருந்தாமல் போய்விடும். ஆகவே படத்தின் ஓரத்தில் சரியாக 1 அங்குல நீளத்துக்குக் கோடு ஒன்றும் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராமேஸ்வரம்.