காரைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை நாட்களில் பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கம் புதைபடிவக் கல் (பழங்கால உயிர்கள் கல்லாக மாறியவை) பொறுக்கப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆர்வம் நல்லதுதான், நானும் கல் சேர்க்கிறவன். ஆனால் உளியும் சுத்தியலுமாக மண்மேட்டைக் குடைவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட்டை (அழிந்துபோன கடலுயிரின் ஓடு) நெம்பி எடுத்தால் பாதி அங்கேயே நொறுங்கிவிடும். மிச்சத்தை எந்த இடத்தில், எந்தப் பாறை அடுக்கில் எடுத்தோம் என்று குறிக்காவிட்டால், அது ஆய்வுக்கு உதவாத வெறும் அலமாரிப் பொருள்.

பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும் (கல்லாக மாறிய மரம்) திருவக்கரை கல்மரப் பூங்காவையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களாக அறிவித்திருக்கிறது. அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது, சரி. வேலிக்கு வெளியே என்ன விதி? சாதாரண ஆளுக்குத் தெரிவதில்லை. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவி மரபுச் சின்னங்களுக்கான வரைவு மசோதாவைக் கருத்துக் கேட்டு வெளியிட்டது. பொழுதுபோக்குக்காகச் சேகரிப்பவர்களுக்கும் அப்படியொரு சட்டத்தில் தெளிவான விதி வேண்டும்: பட்டா நிலமென்றால் உரிமையாளர் அனுமதி, தானாக உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுப்பது, விற்பனைக்குத் தடை, எலும்பு, முட்டை மாதிரி ஏதாவது தென்பட்டால் தொடாமல் படமெடுத்துத் தகவல் சொல்வது.

அப்புறம், அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெட்டும் கல்லோடு புதைபடிவங்களும் சிமெண்ட் ஆலைக்குப் போய்விடுகின்றன. அரைபடும் முன் மாணவர்கள் அவற்றைப் பொறுக்க, பாதுகாப்பான ஏற்பாட்டோடு மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி