தண்ணீர் வைக்கச் சொல்கிறீர்கள், சட்டியைக் கழுவவும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒவ்வொரு கோடையிலும் மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள் என்று நாளிதழ்களில் படத்தோடு போடுகிறீர்கள். நல்ல காரியம், அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் ஆரம்பித்தேன். ஆனால் அந்தச் சட்டியைத் தினமும் கழுவ வேண்டும், நோய் கண்ட பறவை வந்தால் சட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி நான் எங்கேயும் படித்ததில்லை. படித்திருந்தால் சில புறாக்கள் பிழைத்திருக்கும்.

போன மாசியில் எங்கள் மாடிக்கு வரும் மாடப்புறாக்களில் ஒன்று, மற்றதெல்லாம் பறந்த பிறகும் சட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி. வெயில் தாங்காமல் இருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், அரிசியைக் கொத்துகிறது, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கிறது, முடியாமல் எச்சிலோடு அதே தட்டில் துப்பிவிடுகிறது. அலகைத் திறந்தபோது உள்ளே மஞ்சளாகப் பனீர்த் துணுக்கு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. பாவம், பசி போல என்று நான் இன்னும் இரண்டு பிடி அரிசி போட்டேன். பத்து நாளில் அதே மாதிரி இன்னும் மூன்று புறா. முதல் புறா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செத்துக் கிடந்தது, நெஞ்செலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டு.

செல்போனில் எடுத்த வீடியோவைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் புறாக்களின் தொண்டையில் வரும் டிரைக்கோமோனாஸ் மாதிரிதான் தெரிகிறது என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நோய்ப் புறா துப்பிய ஈர அரிசி, அது அலகை விட்ட தண்ணீர், இதிலிருந்துதான் அடுத்ததற்குப் போகிறது. ஈரத்தில் பிழைத்துக் கிடக்கும், நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும். அந்தப் புறாவைத் தின்னும் வல்லூறுக்கும் வரும், கீழே முற்றத்தில் அதே தண்ணீரைக் குடிக்கும் நாட்டுக்கோழிக்கும் வரலாம். பிரிட்டனில் இதே ஒட்டுண்ணி 2005 முதல் வீட்டுத் தோட்டங்களில் தீனி தின்ன வந்த கிரீன்ஃபிஞ்ச் குருவிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, 2021-இல் அந்தக் குருவியை ஆபத்துக்குள்ளான சிவப்புப் பட்டியலில் சேர்க்கும் நிலை வந்துவிட்டது. ஒரு காலத்தில் அங்கே எல்லாத் தோட்டத்திலும் பார்க்கக்கூடிய குருவி அது.

சரி, என்ன செய்வது? நோய்ப் பறவை ஒன்று கண்ணில் பட்டாலும் அரிசி, தண்ணீர் இரண்டையும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். இதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுப் பாட்டி, "வாயில்லா ஜீவனுக்குப் போட்டுப் பழக்கிவிட்டு இப்படி நிறுத்தலாமாம்மா, பாவம் இல்லையா" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். எனக்கும் முதல் நாலைந்து நாள் காலையில் மாடிக்குப் போகவே மனசு வரவில்லை, கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் புறா தொலைதூரம் பறந்து இரை தேடும், நம் தட்டை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. எல்லாம் ஒரே இடத்தில் முட்டிமோதித் தின்பதுதான் நோய்க்கு வசதி, அந்தக் கூட்டம் கலைய வேண்டும்.

நிறுத்திய அன்றே சட்டி, தட்டு, தரை எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அப்புறம் ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, சட்டியையும் தட்டையும் அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் காயப் போட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடி வைத்தேன். இப்போது இரண்டு சட்டி, ஒன்று வெயிலில் காயும்போது மற்றது புழக்கத்தில் இருக்கும். அரிசியையும் குவிக்காமல் அகலமாகத் தூவுகிறேன், சாயங்காலம் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிடுகிறேன்.

தண்ணீரில் மாத்திரையைக் கரைத்து வையுங்கள் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எந்தப் பறவை எவ்வளவு குடிக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? செத்த பறவையை வெறும் கையால் தொடவும் கூடாது, கையில் பிளாஸ்டிக் பை மாட்டித்தான் எடுக்க வேண்டும். காகங்கள் கூட்டமாகச் செத்து விழுந்தால் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும், 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் செத்த காகங்களில்தான் பறவைக் காய்ச்சல் தெரியவந்தது.

அடுத்த பங்குனியில் தண்ணீர்ச் சட்டிப் படம் போடும்போது, அதன் கீழே 'தினமும் கழுவிக் காயவையுங்கள், நோய்ப் பறவை வந்தால் இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள்' என்று பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உறையூர், திருச்சி