கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிட வேண்டாம்: சூலூர்பேட்டை வரை கூடுதல் புறநகர் ரயில் கேட்டு எல்லையோர மக்களின் மனு

அனுப்புநர்: எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை பகுதிகளிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் தினமும் சென்னை சென்று வருபவர்கள்.

பெறுநர்: கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள், சென்னை.

பொருள்: கும்மிடிப்பூண்டியில் முடியும் மின்சார ரயில்களில் காலையில் இரண்டையும், மாலையிலும் இரவிலும் சேர்த்து மூன்றையும் சூலூர்பேட்டை வரை நீட்டிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மனு கொஞ்சம் நீளம்தான், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் பேசி, என்னை எழுதச் சொன்னார்கள். நான் ஆரம்பாக்கத்துக்காரன். பாரிமுனையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன், பதினாறு வருடமாக சீசன் டிக்கெட். எங்கள் பகுதி எப்படி என்றால், வீட்டில் தமிழ், தடா சந்தையில் தெலுங்கு, ஒரே தெருவில் இரண்டு மாநில ரேஷன் கார்டும் பார்க்கலாம். 1960 ஏப்ரலில் தமிழக–ஆந்திர எல்லையை மாற்றி வரைந்தார்கள், அது நிர்வாகத்துக்கான கோடு. தண்டவாளம் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை, எல்லை தாண்டி சூலூர்பேட்டையும் உங்கள் கோட்டத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மனுவை வேறு யாருக்கும் அனுப்பாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 48 கிலோமீட்டர், சூலூர்பேட்டை சுமார் 83. கும்மிடிப்பூண்டி வரை யூனிட், அதாவது மின்சாரப் புறநகர் ரயில், நிறைய ஓடுகிறது. அதற்கு மேல் வடக்கே வருவது கொஞ்சம்தான், அதுவும் ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அப்போ நாங்கள் என்ன செய்கிறோம்? விடிகாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி போகிறோம். லாரியும் டிரெய்லரும் ஆந்திராவிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருக்கும் ரோடு அது. எளாவூர் செக்போஸ்ட் பக்கம் இருட்டில் நிற்கிற லாரிக்குப் பின்னால் லைட் இருக்காது, பனிக்காலத்தில் பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் தெருவில் நர்சிங் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் அப்பா தினமும் காலையில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, திரும்பி வந்துதான் வயலுக்குப் போவார். மாலையில் மறுபடியும் போய் வாசலில் நிற்பார். ஆரம்பாக்கத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது, அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

அதனால் உங்களிடம் இருக்கிற கணக்கில் எங்கள் ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் குறைவு என்று தெரிந்தால், அதை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் டிக்கெட் எடுப்பது கும்மிடிப்பூண்டியில், சீசனும் அங்கிருந்துதான். ஒரு திங்கட்கிழமை காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து பைக் ஸ்டாண்டில் ஓர் ஆளை நிறுத்தி, வண்டி விடுகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஆந்திரா நம்பர் பிளேட் எத்தனை என்று எண்ணினாலே போதும்.

இனி, ஏன் முடியாது என்று சொல்லப்படுகிற காரணத்துக்கு வருகிறேன். இதை நாங்களும் மாதக்கணக்கில் எங்களுக்குள் விவாதித்தோம். யார் மேலும் குறை சொல்லி இதை எழுதவில்லை. அத்திப்பட்டுக்கு வடக்கே இருப்பது இரண்டே பாதை, போக ஒன்று, வர ஒன்று. டெல்லி, ஹவுரா, விஜயவாடா என்று போகிற எக்ஸ்பிரஸ் எல்லாம் அதில்தான். காமராஜர் துறைமுகத்துக்கு வந்து போகிற சரக்கு ரயிலும், அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி வண்டியும் அத்திப்பட்டுப் பக்கம் வந்து சேர்கின்றன. 2022இல் சென்னை–கூடூர் பாதையில் வேகத்தை மணிக்கு 130 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள், நல்லதுதான். ஆனால் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று போகிற யூனிட்டும் 130இல் வருகிற எக்ஸ்பிரஸும் ஒரே தண்டவாளத்தில் என்றால், பின்னால் வருவது வேகமாக வர வர முன்னால் போவது அதிக நேரம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். லூப்பில், அதாவது வழிவிட ஒதுங்கும் பக்கத்துத் தண்டவாளத்தில், நிற்பது எங்களுக்குப் பழகிவிட்டது. எதற்காக நிற்கிறது, எவ்வளவு நேரம் என்று ஒரு அறிவிப்பு இருந்தால் நன்றாக இருக்கும், சரி, அது சின்ன விஷயம்.

எங்களோடு ஒரு அம்மா வருவார். பழவேற்காடு ஏரி நண்டு, கூடையில் ஐஸ் போட்டு மேலே ஈரச் சாக்கு மூடி, தண்டையார்பேட்டையில் இறங்கித் தெருத் தெருவாக விற்பவர். போன கோடையில் ஒரு நாள் பொன்னேரியில் வண்டி நின்றுவிட்டது. ஒரு எக்ஸ்பிரஸ் போனது, அப்புறம் இன்னொன்று. கூடைக்கு அடியிலிருந்து தண்ணீர் கோடு போட்டு ஓடி வந்து எங்கள் செருப்பை நனைத்தது, யாரும் காலை நகர்த்தவில்லை. அவர் சாக்கை லேசாகத் தூக்கி ஒரு நண்டின் காலை விரலால் சுண்டிப் பார்த்தார். “இன்னும் உசுரு இருக்கு” என்று மூடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சுண்டிப் பார்த்தார், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

பாதையில் இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாங்கள் கேட்பது புதிய ரயில் அல்ல, ஏற்கனவே கும்மிடிப்பூண்டி வரை வருகிற ரயிலை நீட்டிப்பது. நெரிசல் அதிகம் இருக்கிற அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி இடையில் இதனால் ஒரு வண்டிகூட அதிகமாகாது. அதற்கு வடக்கே இப்போதே யூனிட் குறைவு. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போய்த் திரும்பி வர நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு ரேக் (ஒரு முழு ரயிலுக்கான பெட்டித் தொகுப்பு) கூடுதலாகத் தேவைப்படலாம், அது எங்களுக்கும் புரிகிறது. பெட்டி கட்டுகிற தொழிற்சாலை பெரம்பூரில்தான் இருக்கிறது, நாங்கள் கேட்பது ஒரே ஒரு ரேக்.

அந்த ரேக் மெமுவாக (யூனிட்டை விட நீண்ட தூரம் ஓடும் மின்சார ரயில்) இருந்தால் ரொம்ப நல்லது, அதற்குக் காரணமும் சொல்கிறேன். யூனிட்டில் கழிப்பறை கிடையாது. சூலூர்பேட்டையிலிருந்து சென்னை வர, லூப்பில் நிற்பதையும் சேர்த்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் நாட்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் காலையில் எழுந்ததிலிருந்து வேலை இடம் போய்ச் சேரும் வரை தண்ணீர் குடிப்பதில்லை. என் மனைவியும் ஒன்பது வருடம் அப்படித்தான் வந்தாள், சிறுநீர்த் தொற்று மாற்றி மாற்றி வந்ததில் வேலையை விட்டுவிட்டாள். பெண்கள் பெட்டியில் கேட்டால் இந்தக் கதையைப் பல பேர் சொல்வார்கள், ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள். புதிய மெமு பெட்டிகளில் கழிப்பறை இருக்கிறது. தூரம் அதிகமாகிற வண்டிக்காவது அதைக் கொடுங்கள்.

வண்டி காலியாக ஓடும் என்ற பயமும் வேண்டாம். காலையில் நாங்கள் தெற்கே வரும் நேரத்தில் வடக்கே போகவும் ஆள் இருக்கிறது. தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை இருக்கிறது, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே ஷிஃப்டுக்குப் போகிறார்கள், கம்பெனி பஸ் இல்லாதவர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டா வேலைக்குப் போகிறவர்கள் சூலூர்பேட்டையில் இறங்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தனி. இரண்டு பக்கமும் கூட்டம் இருக்கிற பாதை இது.

எங்களுக்குள்ளேயே மாற்றுக் கருத்து இருந்தது, மறைக்க விரும்பவில்லை. எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு நிறுத்தம் கேட்கலாமே என்றார் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். தினமும் சீசனில் போகிறவனுக்கு ஒரு எக்ஸ்பிரஸ் ஒரு நிமிடம் நின்றால் என்ன ஆகும், அதிலும் இருக்கிற நெரிசலில் இன்னும் ஒரு நிறுத்தம். இளைஞர்கள் சிலர், மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓடும் மண்டல ரயில் கேட்போம் என்றார்கள். 2025 தமிழக பட்ஜெட்டில் அதற்கு ஆய்வு செய்யச் சொன்ன தடங்கள் மூன்று: விழுப்புரம் பக்கம், வேலூர் பக்கம், கோவை–சேலம். வடக்கே ஒன்றும் இல்லை. 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கமும் அதற்குள் வந்தது, ஆனாலும் போக்குவரத்துத் திட்டம் என்று வரும்போது வடக்கு எப்போதும் கடைசிதான். மண்டல ரயில் பிற்காலத்தில் வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த ஜூன் மாதம் காலேஜ் சேரப் போகிற பெண்ணுக்கு அது உதவாது.

இன்னொரு எதிர்ப்பு எனக்கே மனதில் உறுத்தியது. ரயில் அதிகமானால் மனைக்கொடி நடுவார்கள், இருக்கிற நெல் வயலும் போய்விடும் என்று எங்கள் பெரியப்பா கூட்டத்தில் எழுந்து சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரயில் இல்லாமலே, ரோட்டை வைத்தே அந்தக் கொடிகள் வந்துவிட்டன. வயலை விற்காமல் வைத்திருக்கிற குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவராவது வெளியே வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டு வருகிறார்கள், அதில்தான் விவசாயம் ஓடுகிறது. போய் வர வழி இல்லை என்றால் அந்த ஆளும் குடும்பத்தோடு தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வாடகைக்குப் போய்விடுவான். எங்கள் தெருவில் அப்படிப் பூட்டிய வீடு நாலு இருக்கிறது. பெரியப்பா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

இரவு வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. கடையில் பூஜை முடித்து, பொரி, கடலை, பழம் எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு யூனிட் ஏறினேன். கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிய இரவு அது. உயிர்ச்சேதம் இல்லை, கடவுள் புண்ணியம். எங்கள் வண்டி மீஞ்சூரிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து ஆட்டோ, அப்புறம் ரோட்டில் கை காட்டி ஒரு மினி லாரி, நான் வீடு சேர்ந்தபோது சேவல் கூவிவிட்டது. அது விபத்து, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வேலை முடியக் கொஞ்சம் தாமதமானால் சாதாரண நாளிலும் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எங்கள் நிலைமை ஏறக்குறைய அதுதான். பஸ் கிடைத்தால் உண்டு. அதனால் நீட்டிக்கிற மூன்று மாலை, இரவு வண்டிகளில் ஒன்று, இரவில் கடைசியாகக் கும்மிடிப்பூண்டி வருகிற வண்டிகளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். பெண்கள் ஷிஃப்ட் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதை எங்கள் வீடுகளில் இந்த ஒரு வண்டிதான் முடிவு செய்கிறது.

அத்திப்பட்டுக்கு மேல் மூன்றாவது, நான்காவது பாதை போடுவது பற்றிப் பல வருடமாகக் கேள்விப்படுகிறோம். அந்த வேலை கும்மிடிப்பூண்டியோடு முடிந்துவிடாமல் சூலூர்பேட்டை வரை போக வேண்டும் என்று மேலிடத்துக்கு உங்கள் பரிந்துரை போனால் உதவியாக இருக்கும். விம்கோ நகர் வரை 2021இலேயே மெட்ரோ வந்துவிட்டது, யூனிட்டிலிருந்து இறங்கி அங்கே மாறினால் விமான நிலையம் வரை போகலாம். எங்களை விம்கோ நகரில் கொண்டுவந்து விட்டால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அப்புறம், எல்லை தாண்டி ஓடும் வண்டிகளில் தெலுங்கிலும் அறிவிப்பு இருக்கட்டும்.

2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தபோது புறநகர்க் கட்டணத்தையும் சீசன் டிக்கெட்டையும் தொடாமல் விட்டார்கள், அதற்கு நன்றி சொல்கிறோம். மாதச் சம்பளக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்துச் சொல்கிறேன்.

ஆறு மாதம் சோதனையாக ஓட்டிப் பாருங்கள். ஆள் ஏறவில்லை என்றால் நாங்களே வந்து பேசுகிறோம். முடிவெடுக்கும் முன் தாங்களோ தங்கள் அலுவலர் ஒருவரோ ஒரு நாள் காலை ஆரம்பாக்கம் வந்து எங்களோடு சென்னை வரை பயணம் செய்ய வேண்டும் என்று அழைக்கிறோம். ஸ்டேஷன் வாசல் டீக்கடை நாலரைக்கே திறந்துவிடும், அங்கே காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
எளாவூர் முதல் சூலூர்பேட்டை வரையிலான தினசரி ரயில் பயணிகள்
(கையெழுத்துகள் தனித்தாள்களில் இணைக்கப்பட்டுள்ளன)