கிருமி இல்லாதவருக்கு எதற்கு இந்த மாத்திரை?

அன்புள்ள மாணிக்கம்,

பங்குனியில் நீ எழுதிய கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இங்கே அனைவரும் நலம்.

சளியில் கிருமி இல்லை என்று சொன்ன டாக்டரே அம்மாவின் மூச்சுக்குழாய் விரிவு நோய்க்கு வாரம் மூன்று நாள், ஆறு மாதத்துக்கு அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லியை எழுதியிருக்கிறாரே, இது வைத்தியமா வியாபாரமா என்று கேட்டிருந்தாய். மெஸ் கணக்கையே மூன்று முறை கூட்டிப் பார்த்தவன் நீ, கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் இம்முறை கணக்கு டாக்டர் பக்கம்தான் சரியாக இருக்கிறது.

ஜப்பானில் நுண்மூச்சுக்குழாய்களைச் சளியால் அடைத்து ஆளையே கொல்லும் நோய் ஒன்று இருந்தது. 1970களில் அந்த நோய் கண்டவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் சுமார் 63 சதவீதம்தான். 1980களில் ஷோஜி குதோ என்ற மருத்துவர், அம்மாவின் மாத்திரைக்கு உறவான எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்கத் தொடங்கினார்; 1985க்குப் பின் அந்த 63 சதவீதம் 91 ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சளியில் குடியிருந்த சூடோமோனாஸ் கிருமியைக் கொல்ல அந்த அளவு போதவே போதாது.

பிறகு எதைத்தான் அது அடக்கியது? 1990களில் ஜப்பானியர்கள் கண்டதைப் போன மாதம் நானும் செய்து பார்த்தேன். மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்களைச் சீண்டினால், வெள்ளணுக்களை ‘வா, வா’ என்று அழைக்கும் இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தை அவை கொட்டுகின்றன. வந்து குவியும் வெள்ளணுக்கள் விடும் நொதிகளே குழாய்ச் சுவரை அரிக்கின்றன. அந்தப் புரதத்தை அளக்கும் எலைசா சோதனைத் தட்டில், அது மிகுந்த குழிகள் எலுமிச்சைத் தோல்போல் மஞ்சளித்தன. எரித்ரோமைசின் சேர்த்த செல்களின் குழிகள் வெளிறிக் கிடந்தன. ஆம்பிசிலின் என்ற வேறொரு கிருமிக்கொல்லி சேர்த்தவற்றில் மஞ்சள் மாறவேயில்லை. கிருமிக்கொல்லி என்பதனால் மட்டும் வரும் குணமன்று இது. எரித்ரோமைசின் அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் கட்டளையையே செல்லுக்குள் தணிக்கிறது.

அம்மாவின் நோய்க்கே நியூசிலாந்தில் அசித்ரோமைசினை 141 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள்: இதே ஆறு மாதம், இதே வாரம் மூன்று நாள். நோய் முற்றித் திணறுவது வெற்று மாத்திரை போட்டவர்களில் ஆளுக்குச் சராசரியாக 1.57 தடவை, இந்த மருந்து போட்டவர்களில் 0.59 தடவைதான்.

இதுவரை எழுதியது உன் கேள்விக்கு. இனி எழுதுவது என் கோபம். ‘எனக்கும் இருமல், அம்மா டப்பாவிலிருந்து இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன்’ என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா? இருதயத் துடிப்பைப் பிறழச் செய்யவும் காது கேட்பதைக் குறைக்கவும் கூடிய மருந்து அது. உடம்பில் இருக்கும் கிருமிகளுக்கு எதிர்ப்புப் பழக்கிவிடவும் செய்யும். கோபாலின் தேன்மிட்டாய் வைத்தியம்கூட இதைவிடப் பத்திரமானது.

அம்மாவுக்கு மாத்திரை தொடங்குமுன் ஈசிஜி எடுத்தார்களா, காசநோய்க்கு உறவான மைக்கோபாக்டீரியா இருக்கிறதா என்று சளியைத் தனியாக வளர்த்துப் பார்த்தார்களா என்று கேட்டு எழுது. அந்தக் கிருமி இருந்து இந்த ஒரே மருந்தைக் கொடுத்தால், பிறகு இதற்கு அது மசியாது. டப்பாவை அம்மாவின் அலமாரியிலேயே வைத்துப் பூட்டச் சொல். சாவி உன்னிடம் வேண்டாம்.

உன்,
சிவராமன்